சிக்கந்தர் பாக் எலும்புகளும் ஃபெலீச்சே பியாட்டோவும்

1857 எழுச்சியைப் பற்றித் தேடிப் படிக்கிறவர்கள் இந்தப் படத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. லக்னோவில் இருக்கும் சிக்கந்தர் பாக். பின்னால் குண்டடிபட்டு நிற்கும் தூண்கள், முன்னால் முற்றம் முழுக்க மண்டை ஓடுகளும் எலும்புகளும். இடையில் சில இந்தியர்கள், ஒரு குதிரை. 93ஆவது ஹைலேண்டர்களும் 4ஆவது பஞ்சாப் படையும் சேர்ந்து 2000 கலகக்காரர்களைக் கொன்ற இடம் என்று ஆங்கிலத் தலைப்பு சொல்கிறது. பலர் இதைச் சண்டை முடிந்த கையோடு எடுத்த படம்னு நினைச்சுக்கறாங்க.

தேதிகளைப் பார்த்தாலே அது ஒத்துவராது. காலின் கேம்ப்பெல்லின் படை சிக்கந்தர் பாக்கைப் பிடித்தது 1857 நவம்பர் 16. படமெடுத்த ஃபெலீச்சே பியாட்டோ கல்கத்தாவில் வந்து இறங்கியதே 1858 பிப்ரவரியில்தான். மார்ச்சில் லக்னோ முழுசா ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகே அவர் அங்கே கேமராவை வைத்தார். இடையில் நாலு மாசம் போயிடுச்சு. அப்போது அங்கிருந்த ஜார்ஜ் கேம்ப்பெல் என்ற அதிகாரி தன் நினைவுக்குறிப்பில் ஒரு விஷயத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்: பிணங்களை ஒழுங்காக மூடிவிட்டார்களாம், படக்காரர்தான் திரும்பத் திறந்துகாட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாராம். இந்தியர்களின் உடல்கள் அடக்கம் செய்யப்படாமலே கிடந்தன என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் கேமராவுக்கு முன்னால் எலும்புகள் இப்படிப் பரந்து கிடப்பது தற்செயல் இல்லை என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

யார் இந்த பியாட்டோ? 1832-ல் வெனிஸில் பிறந்து பிரிட்டிஷ் குடிமகனாக வாழ்ந்தவர். இஸ்தான்புல்லில் நாணயச்சாலை செதுக்குநராக இருந்த ஜேம்ஸ் ராபர்ட்சனிடம் தொழில் பழகினார். ராபர்ட்சன் பியாட்டோவின் தங்கையைக் கட்டியவர், ஆக மச்சான்கிட்ட கத்துக்கிட்ட தொழில். 1855-ல் கிரிமியப் போரின் செவஸ்தபோல் இடிபாடுகளை இருவரும் எடுத்தார்கள். அவர்களுக்கு முன் அங்கே போன ரோஜர் ஃபென்டன் ஒரு பிணத்தைக்கூடக் காட்டவில்லை. பியாட்டோ காட்டினார். பிணங்களைக் காட்டிய மிகப் பழைய போர்ப் படங்களின் வரிசையில் அவருடைய லக்னோ படமும் சேர்கிறது.

இங்கே தொழில்நுட்பத்தையும் சொல்லணும். கண்ணாடித் தகட்டில் பதிக்கும் காலம். ஒரு படத்துக்குப் பல நொடிகள் ஆகும், ஓடுகிற ஆள் தகட்டில் கரைந்துபோவான். அதனால் சண்டையை எடுக்கவே முடியாது, முடிந்த பிறகு அசையாமல் கிடப்பதைத்தான் எடுக்கலாம். செத்தவர்கள் அசைய மாட்டார்கள். குரூரமா இருந்தாலும் நிலைமை அதுதான்.

1860-ல் இரண்டாம் அபினிப் போருக்காக பிரிட்டிஷ் படையோடு சீனா போனார். ஆகஸ்ட் 21-ஆம் தேதி டாக்கு கோட்டை விழுந்தது. ஒரு பீரங்கியைச் சுற்றிச் சீன வீரர்கள் குவியலாகச் செத்துக் கிடக்கிறார்கள். பரபரப்பாக வந்த பியாட்டோ, அழகாக இருக்கிறது, நான் எடுத்து முடிக்கிறவரை யாரும் தொடாதீர்கள் என்று கெஞ்சியதாக ராணுவ மருத்துவர் டேவிட் ரென்னி பதிவு செய்கிறார். லக்னோவில் நாலு மாசம் பிந்தி வந்தவர், இந்த முறை சரியான நேரத்தில் வந்துவிட்டார்.

அதே அக்டோபரில் பீக்கிங்கில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது நடந்தது வேற மாதிரி. பியாட்டோ தன் பெரிய பெட்டியை நிறுத்தி லென்ஸைத் திருப்பியதும் இளவரசர் கோங் வெளிறிப்போனாராம், ஏதோ ஆயுதம், தன் தலையைச் சிதறடிக்கப் போகிறது என்று. தளபதி ஹோப் கிராண்ட் இதை வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு இளவரசர் பயந்ததில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. போதிய வெளிச்சம் இல்லாமல் அந்தப் படம் பாழானது, நவம்பரில் திரும்ப உட்காரவைத்து எடுத்தார்கள்.

பிறகு 1863 முதல் சுமார் இருபது வருஷம் யோகோஹாமாவில் ஸ்டூடியோ. கையால் வண்ணம் தீட்டிய ஜப்பான் படங்களால் அவர் அடைந்த புகழ் தனிக்கட்டுரைக்கு உரியது. இடையில் 1871-ல் அமெரிக்கக் கடற்படையோடு கொரியா போனார். கங்ஹ்வா தீவுச் சண்டையில் அமெரிக்கர்கள் 3 பேர் இறந்தார்கள், கொரியர்கள் 240க்கு மேல். கோட்டைக்குள் கிடக்கும் கொரிய உடல்களை எடுத்தார்.

லக்னோ, டாக்கு, கங்ஹ்வா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பிணமாகத் தெரிகிறவர்கள் எல்லாம் தோற்ற தரப்பு. தூக்கில் தொங்கும் இரண்டு சிப்பாய்களின் படமும் அவர் எடுத்ததுதான். ஆங்கிலேயரும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள், ஆனால் அவர்கள் சாவு லக்னோ ரெசிடென்சியின் இடிந்த சுவராகவும் கான்பூர் வீலர் முகாமின் சிதைவாகவும் மட்டும் வருகிறது. சண்டைக்குப் பிந்திய காட்சியை மட்டுமே எடுக்க முடிந்ததற்கு மெதுவான தகடு காரணம். ஒரு தரப்புச் சாவை மட்டும் காட்டியதற்கு அது காரணம் இல்லை. அங்கே போய்வந்த ராணுவ அதிகாரிகள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். தன் தோழன் மண்ணில் கிடப்பதை எந்த அதிகாரி காசு கொடுத்து ஆல்பத்தில் ஒட்டுவார்? 1861-ல் லண்டன் திரும்பியதும் இந்திய, சீனப் படங்களை ஹென்றி ஹெரிங் என்ற ஸ்டூடியோக்காரரிடம் விற்றார். அங்கிருந்து அவை வீடுகளுக்குள் போயின.

அவரை வெறும் கொடூரன் என்று முடித்துவிடவும் எனக்கு மனசு வரலை. அந்தப் படம் இல்லாவிட்டால் சிக்கந்தர் பாக்கில் செத்த ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் ஆங்கிலேயரின் படைக் குறிப்புகளில் வெறும் ஓர் எண்ணிக்கையாக நின்றிருப்பார்கள். வெற்றிப் பரிசாக எடுத்ததை இன்று நாம் குற்றப்பத்திரிகையாகப் படிக்கிறோம். பியாட்டோ இதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

அவருக்குக் கடைசிவரை பணம் தங்கவில்லை. ஜப்பானில் ஊக வணிகத்தில் கையைச் சுட்டுக்கொண்டார். சூடான் படையெடுப்பைப் படமெடுத்துவிட்டு, பர்மாவை ஆங்கிலேயர் இணைத்துக்கொண்ட பிறகு அங்கே போய், மாண்டலேயில் ஸ்டூடியோவும் கலைப்பொருள் கடையும் நடத்தினார். 1909 ஜனவரியில் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் இறந்தார். அந்த இறப்புச் சான்றிதழ் வெளிச்சத்துக்கு வந்தது நூறு வருஷம் கழித்து, 2009-ல்.