விரல் நீள மீனும் ஒரு சத்தியமும்

ஐரோப்பாவின் குளிர்ந்த ஓடைகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும் பொடி மீன், மின்னோ. நீளம் நம்ம விரல் அளவுதான். உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற சன்னமான செதில்கள், விலாவில் கறுப்புத் திட்டுகள். இனப்பெருக்க காலத்தில் ஆண் மீனுக்கு வயிறு சிவந்துவிடும். 'ஃபாக்ஸினஸ் ஃபாக்ஸினஸ்' என்கிற இதன் அறிவியல் பெயருக்குப் பின்னால் ஒரு மரணமும் ஒரு சத்தியமும் இருக்கின்றன!

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இரண்டு நண்பர்கள். கார்ல் லின்னேயஸுக்குச் செடி கொடி என்றால் பைத்தியம். பீட்டர் ஆர்டெடிக்கு மீன். 'நம்மில் யார் முதலில் போனாலும், அவர் எழுதியதை மற்றவர் காப்பாற்ற வேண்டும்' என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். இருபது சொச்ச வயதில் யாருக்காவது இப்படித் தோன்றுமா?

மீன் கிடைத்தால் ஆர்டெடி உட்கார்ந்து எண்ண ஆரம்பித்துவிடுவார். துடுப்பில் எத்தனை முள்? முதுகெலும்பில் எத்தனை கண்ணி? எல்லாவற்றுக்கும் கணக்கு!

1735 செப்டம்பர். ஆம்ஸ்டர்டாமில் ஆல்பர்டஸ் செபா என்ற சேகரிப்பாளர் வீட்டிலிருந்து ராத்திரி திரும்பியவர், இருட்டில் கால்வாயில் விழுந்து இறந்துபோனார். வயது 30. பாவம்!

லின்னேயஸ் ஓடி வந்தார். பாக்கியைக் கட்டாமல் கையெழுத்துப் பிரதிகளைத் தரமாட்டேன் என்றார் வீட்டுக்காரர். லின்னேயஸின் புரவலரான கிளிஃபர்ட் என்ற பணக்காரர் கடனை அடைத்து அவற்றை மீட்டார். 1738-ல், லைடன் நகரில், ஆர்டெடியின் பெயரிலேயே 'இக்தியோலாஜியா' வெளிவந்தது. சத்தியம் காப்பாற்றப்பட்டது.

1758-ல் லின்னேயஸ் தன் 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் மின்னோவுக்குப் பெயர் வைத்தார். அதன் மீன் பகுதிக்குப் பெரிய ஆதாரமே ஆர்டெடியின் உழைப்புதான். ஆனால் விலங்குப் பெயர்களுக்கு அந்தப் பதிப்புதான் ஆரம்பம் என்பது விதி. அதனால் மின்னோவுக்குப் பக்கத்தில் இன்றும் இருப்பது லின்னேயஸின் பெயர்.

கதை முடியவில்லை. ஐரோப்பா முழுக்க ஒரே மின்னோ என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2007-ல் மாரிஸ் கொட்டெலட் என்ற சுவிஸ் ஆய்வாளர் பிரான்ஸிலும் கிரீஸிலும் மூன்று புதிய இனங்களை விவரித்தார். அப்படியானால் அசல் மின்னோ எது? ஜெர்மனியின் ஆகர் ஆற்று மீன் ஒன்றை அதற்கு மாதிரியாக நிர்ணயித்தார்.

இன்று மரபணுவையும் பார்க்கிறார்கள். ஆனாலும் முள்ளையும் செதிலையும் எண்ணுவதை யாரும் விட்டுவிடவில்லை. அது ஆர்டெடி பிடித்த பிடி!