தண்டித்தலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்கள்

தவறிழைத்தவருக்குத் துன்பமோ இழப்போ விதிப்பதைச் சொல்லும் ஆங்கில வினைகளுள் பொதுவானது 'பனிஷ்'. தண்டத்தைக் குறிக்கும் 'பொய்னா' என்ற லத்தீன் சொல்லோடு உறவுடையது; கிரேக்கத்தில் அதன் மூலச்சொல் கொலைக்கு ஈடாகத் தரும் பொருளைக் குறித்தது. குற்றவாளி திருந்துவாரா என்பது இச்சொல்லின் கவலையன்று. அதே வேரில் கிளைத்த 'பீனலைஸ்' ஆட்டவிதி, வரி, மதிப்பெண் போன்றவற்றுக்கு உரியது.

'சேசன்', 'சேஸ்டைஸ்', 'காஸ்டிகேட்' மூன்றுக்கும் அடியில் இருப்பது 'தூய' எனப் பொருள்படும் லத்தீன் 'காஸ்துஸ்'. வேர் ஒன்றானாலும் இவற்றை மாற்றி வழங்குவது பிழை. 'காஸ்டிகேட்' கடுஞ்சொல்லால் சாடுவது. 'சேஸ்டைஸ்' முன்பு பிரம்படியையும் குறித்தது. இன்று பெரும்பாலும் கடிந்துரைத்தலே. 'சேசன்' ஒருவரைப் பட்டறிவால் பணிவுறச் செய்வது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், எபிரெயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில், கடவுள் தம் அன்புக்குரியவரைத் திருத்துவதற்கு இச்சொல்லே வருகிறது. அங்கே தமிழ் விவிலியம் ஆளும் 'சிட்சித்தல்' மிக அருமையான தேர்வு: கல்வி, தண்டனை இரண்டையும் சுமக்கும் சொல் அது. மாணவனைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த 'டிசிப்ளின்' இதற்கு நெருங்கிய உறவு.

அருகிப்போன 'அமெர்ஸ்', மன்னரின் தயவில் விடப்பட்டவரிடம் தண்டம் வாங்குவது. குற்றத்தின் அளவை இத்தண்டம் மீறலாகாது, உழவனின் பிழைப்பையும் பறிக்கலாகாது என்று 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா வரம்பிட்டது.