மிதிவண்டியில் வந்த படை

கடாரம் எனச் சோழர் கல்வெட்டுகள் சுட்டும் கெடா, படையெடுப்பை அறியாத மண்ணன்று. இராசேந்திர சோழனின் மரக்கலங்கள் வந்தன. 1821ஆம் ஆண்டில் சயாமியர் வந்தனர். எனினும் 1941ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது போன்றதொரு படையை அம்மண் அதற்குமுன் கண்டதில்லை. அப்படையின் பெரும்பகுதி மிதிவண்டியில் வந்தது.

டிசம்பர் 8ஆம் நாள் தென் சயாமின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் கரையிறங்கிய ஜப்பானியர், எல்லை கடந்து ஜித்ராவை நோக்கி விரைந்தனர். அங்கே ஆங்கிலேயரின் 11ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவு அரண் அமைத்திருந்தது. அடைமழையால் பதுங்குகுழிகளில் நீர் நிறைந்திருந்தது. நனைந்து குளிரில் விறைத்த வீரர்கள்மீது டாங்கிகள் பாய்ந்தன. ஜித்ராவை வென்றது மிதிவண்டி என்பாருண்டு, அது பிழை. அரணை உடைத்தவை டாங்கிகளே. உடைந்த படையை மூச்சுவிடாமல் துரத்தியதுதான் மிதிவண்டியின் வேலை.

பின்வாங்கியோர் பாலங்களைத் தகர்த்துக்கொண்டே சென்றனர். பாலம் இல்லையேல் லாரி நின்றுவிடும், மிதிவண்டி நிற்பதில்லை. சிப்பாய் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி, மறுகரையில் மீண்டும் ஏறி மிதித்தான். ஒவ்வொரு டிவிஷனுக்கும் சுமார் 6,000 மிதிவண்டிகள் இருந்தன என்பர். வெயிலில் டயர் வெடித்தால் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் இரும்பு விளிம்பிலேயே ஓட்டினர். இரவில் அவ்விரும்பு தாரில் உராய்ந்தெழுப்பிய பேரொலியை டாங்கிகளின் வருகை என அஞ்சிப் பின்வாங்கியோரும் உண்டு.

பாதை எது என்பதே நாம் நின்று எண்ண வேண்டிய இடம். ஆங்கிலேயத் தளபதிகள் நெடுஞ்சாலையையே பெரிதும் காத்தனர். அச்சாலையின் இருபுறமும் குரூண் முதல் பீடோங், சுங்கை பட்டாணி வரை பரவிக் கிடந்தவை ரப்பர் தோட்டங்கள். அவற்றினுள்ளே பால் வாளியும் காண்டாவும் சுமந்து செல்லவென்று கல்லும் வேரும் நிறைந்த செம்மண் சடக்குகள் வலைபோல ஓடின. காட்டை அழித்து, மண்வெட்டி பிடித்து அவற்றை அமைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். துரைமாரின் இலாபத்துக்காக வெட்டிய அப்பாதைகளே துரைமாரின் படையைப் பக்கவாட்டில் சுற்றி வளைக்கும் வழிகளாயின! டிசம்பர் 15ஆம் நாள் ஜெராய் மலையடிவாரத்துக் குரூணும் வீழ்ந்தது. மறுநாள் கெடாவின் தென்பகுதியிலுள்ள மூடா ஆற்றுக்கு அப்பால் ஆங்கிலேயப் படை ஒதுங்கியது.

அவ்வண்டிகள் அனைத்தும் ஜப்பானிலிருந்து வந்தவையல்ல. போருக்கு முன்பே விலை மலிந்த ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாக் கடைகளில் ஏராளமாக விற்கப்பட்டிருந்தன. ஆகவே உதிரிப் பாகங்கள் ஊர்தோறும் கிடைத்தன. போதாதபோது மக்களின் வண்டிகளையே பறித்துக்கொண்டனர். வரலாற்று நூல்கள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் கிராணிக்கும், சிறு வணிகனுக்கும் மிதிவண்டி பல மாதச் சேமிப்பு என்பதை நினைத்தால், அவ்வொரு வரியின் கனம் புலப்படும்.

இந்நாள்களில்தான், ஜித்ராவில் சிதறிய 14ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதற்படையணியைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங், காட்டிலும் தோட்டங்களிலும் அலைந்தபின், பிரீதம் சிங்கையும் ஜப்பானிய மேஜர் புஜிவாராவையும் சந்தித்தார். அலோர் ஸ்டாரில் அவர்கள் நிகழ்த்திய பேச்சிலிருந்தே முதல் இந்திய தேசிய இராணுவம் முளைவிட்டது. 1943இல் நேதாஜியின் தலைமையில் இந்திய தேசிய இராணுவத்தில் திரண்டோருள் தோட்டத் தமிழ் இளைஞர் கணிசமானோர்.

எல்லோரும் அவ்வழி செல்லவில்லை. ரப்பருக்கு வாங்குவோர் இல்லை. பால் வெட்டு நின்றது. லயங்களில் மரவள்ளியே உணவாயிற்று. பால்மரம் சூழ்ந்த நாட்டில் மிதிவண்டி டயர் அரும்பொருளாகி, தோட்ட நீர்க்குழாயை வெட்டிச் சக்கரத்தில் கட்டி ஓட்டும் காலம் வந்தது. 1942இல் தொடங்கி 1943இல் முடிந்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கப்பட்டபோது, பல தோட்டங்களிலிருந்து ஆண்கள், அதே செம்மண் சடக்குகள் வழியே ரயில் நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை.