மதெய்ரோஸ் குடும்பத்தாரின் தோட்ட வீடு

ஆலய விழா மலரில் ஒரு வீட்டின் வரலாறு எதற்கு என்று பங்கு மக்கள் கேட்கலாம். சென்னைக் கத்தோலிக்கரின் பழைய குடும்பங்களில் ஒன்று வாழ்ந்த வீடு அது. இன்று அதன் ஒரு செங்கல்லும் நின்ற இடத்தில் இல்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறோம்.

1639-ல் ஆங்கிலேயர் இக்கடற்கரையில் இடம் பெற்றுக் கோட்டை எழுப்பியபோது, சாந்தோமிலிருந்து போர்த்துக்கீசியக் குடும்பங்கள் பல அதனருகே வந்து குடியேறின. அவர்களுடைய ஆன்ம காரியங்களைக் கவனிக்க 1642 முதல் கப்புச்சின் துறவி எப்ரேம் சுவாமி கோட்டைக்குள்ளேயே புனித அந்திரேயா கோயிலை நடத்தி வந்தார். இவ்வாறு வேரூன்றிய போர்த்துக்கீசிய வணிகக் குடும்பங்களுள் செல்வாக்கு மிக்கது மதெய்ரோஸ் குடும்பம். 'மதராஸ்' என்னும் பெயரே இவர்களிடமிருந்து வந்தது என்று கூறுவோரும் உண்டு. 1927-ல் சாந்தோம் லாசர் கோயிலைப் புதுப்பிக்கத் தோண்டியபோது ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. மனுவேல் மாத்ரா என்பவரும் அவர் தாயாரும் 1637-ல் தம் சொந்தச் செலவில் அக்கோயிலைக் கட்டினர் என்று அதில் பொறித்திருந்தது. கோட்டைக்கு இரண்டு ஆண்டு முந்திய கல் அது! பெயராராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை. எனினும் அக்கல்லை நாம் மறக்கலாகாது.

இனி வீட்டுக்கு வருவோம். கூவத்தின் தென்புறம், சேப்பாக்கத்தில், இக்குடும்பத்தின் அந்தோனியா தெ மதெய்ரோஸ் அம்மையாருக்குச் சொந்தமாக ஒரு தோட்ட வீடு இருந்தது. அக்காலச் சென்னை மாளிகைகள் செங்கல்லால் கட்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிப் பளிங்கு போல் மெருகேற்றப்பட்டவை.

1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. கவர்னருடைய பழைய தோட்ட மாளிகையை இடித்துத் தரைமட்டமாக்கியது. 1749-ல் ஊர் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் பழி கத்தோலிக்கர் மேல் விழுந்தது. பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னார்கள் என்று கோட்டைக்குள்ளிருந்த கத்தோலிக்கரின் வீடுகளைக் கும்பினியார் பறிமுதல் செய்தனர். குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1752-ல் புனித அந்திரேயா கோயிலும் இடிக்கப்பட்டது. ஒரு சிலர் மேல் எழுந்த ஐயத்துக்கு ஒரு சபை முழுவதையும் தண்டித்தது அநியாயம் என்றே நாம் சொல்வோம்.

இதில் வேடிக்கை என்னவெனில், கத்தோலிக்கரை நம்பாத அதே கும்பினிக்குக் கவர்னர் தங்க ஒரு வீடு தேவைப்பட்டது. கண்ணில் பட்டது கத்தோலிக்கப் பெண்மணியான அந்தோனியா அம்மையாரின் வீடு. முதலில் வாடகைக்கு எடுத்தனர். பின்னர் 1753-ல் கவர்னர் சாண்டர்ஸ் காலத்தில் 3,500 வராகனுக்கு அதை வாங்கிக்கொண்டனர். வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று பிற்காலத்தில் வகுத்த கணக்கில் பார்த்தால் 12,250 ரூபாய். கோயில் இடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

1758-59 முற்றுகையில் லாலியின் படையினர் அவ்வீட்டைப் பாழ்படுத்திச் சென்றனர். அது செப்பனிடப்பட்டு, 1798 முதல் 1803 வரை கவர்னராயிருந்த எட்வர்டு கிளைவ் பிரபுவால் பெரிதாக விரிவாக்கப்பட்டது. வானியலாளர் கோல்டிங்காம் பக்கத்தில் கட்டிய விருந்து மண்டபம் 1802-ல் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய ராஜாஜி மண்டபம். 1969-ல் அண்ணா அவர்களின் உடலுக்கு அஞ்சலி செலுத்தக் கூடிய மக்கள் வெள்ளத்தில் நம் பங்குப் பெரியோர் சிலரும் நின்றிருப்பர். பக்கத்திலிருந்த பழைய மாளிகை யாருடைய வீடு என்று அன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

சுதந்திரத்தை ஒட்டிக் கவர்னர் இல்லம் கிண்டிக்கு மாறியது. பழைய மாளிகை அரசு அலுவல்களுக்குப் பயன்பட்டுப் பொலிவிழந்தது. 2008-ல் புதிய சட்டமன்றத் தலைமைச் செயலக வளாகத்துக்காக அது இடிக்கப்பட்டது. 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட அவ்வளாகம் 2014-ல் அரசு பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாயிற்று. விருந்து மண்டபத்தைக் காத்தவர்கள் அதற்கு மூத்த வீட்டைக் காக்கவில்லை என்பது நமக்கு மனக்குறையே. ஆயினும் அவ்விடத்தில் நோயாளிகள் சுகம் பெறுகிறார்கள் என்பதில் மகிழ்கிறோம்.

மதெய்ரோஸ் என்ற பெயர் அங்கே எந்தப் பலகையிலும் இல்லை. ஆனால் அவ்வழியே செல்லும் மெட்ரோ ரயில், நிலையம் வந்ததும் 'அரசினர் தோட்டம்' என்று அறிவிக்கிறது. அந்தத் தோட்டம் அந்தோனியா அம்மையாருடையது.