பிரேக் பேடும் அதன் தூசியும்: ஒரு சிறு வரலாறு



எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. "எஸ்யூவிக்கு முன்பக்கம் பிரேக் பேடு, டிஸ்க் ரெண்டையும் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். பேடு மட்டும் மாத்தினா போதாதா?" ஆளாளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். நான் வரலாறு நடத்தியவன். என் வழியில் பதில் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நேரடி விடை. டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று பெரும்பாலும் அதிலேயே பொறித்திருப்பார்கள். அளந்து பார்த்து அதற்குக் கீழே போயிருந்தாலோ, விரிசல் விழுந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். இல்லையென்றால் பேடு போதும். ஏமாற்றுகிறாரோ என்று சந்தேகப்படுவதை விட, "அளந்து காட்டுங்க தம்பி" என்று கேட்டுவிடுவது நல்லது.

முன்பக்கம் ஏன் சீக்கிரம் தேய்கிறது? பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்குத்தான். 2 டன் எடையுள்ள எஸ்யூவி மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்து நின்றால், சுமார் 7.7 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். 30 டிகிரியில் உள்ள இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. அதுவும் சில விநாடிகளில்! பிரேக்கின் வரலாறு முழுவதும் இந்த வெப்பத்தை எந்தப் பொருள் தாங்கும் என்ற தேடல்தான்.

1902ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிரெடரிக் லான்செஸ்டர் என்ற பொறியாளர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பேடுக்குப் பயன்படுத்தியது செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசினால் என்ன ஆகும்? காது கிழியும் சத்தம். அக்காலச் சாலைப் புழுதியில் தேய்மானமும் அதிகம். அதே காலத்தில் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கினார். மூடிய டிரம்முக்குள் புழுதி எளிதில் போகாது. அடுத்த அரை நூற்றாண்டு டிரம்மின் காலமாகவே இருந்தது. நம் அம்பாசடரிலும் நான்கு சக்கரத்திலும் டிரம்தானே!

டிரம்மின் பலவீனம் மலைப்பாதையில் தெரியும். பள்ளிச் சுற்றுலாவில் கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, "பிரேக் சூடாயிடுச்சு சார், ஆறட்டும்" என்பாரே, என்னோடு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். சூடேறினால் டிரம் விரிந்து, உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடிமானமும் குறையும். டிஸ்க்கோ திறந்த காற்றில் சுழல்வது, சீக்கிரம் ஆறும்; சூட்டில் கனம் கூடினாலும் பேடை நோக்கித்தான் விரியும்.

இந்த வேறுபாட்டை உலகமே பார்த்தது 1953இல். பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் கார்கள் டன்லப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக்கோடு இறங்கின. விமானத்தில் பயன்பட்ட தொழில்நுட்பம் அது. மற்றவர்கள் பிரேக்கைத் தொட்ட இடத்தைத் தாண்டியும் ஜாகுவார் ஓட்டுநர்கள் வேகம் குறைக்காமல் போக முடிந்தது. டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஓட்டிய கார் முதலிடம். சராசரி வேகம் மணிக்கு சுமார் 170 கிலோமீட்டர். இரண்டாம், நான்காம் இடங்களும் ஜாகுவாருக்கே. 1955இல் சிட்ரோவன் டிஎஸ் கார் முன்பக்க டிஸ்க்கோடு பொதுச் சந்தைக்கு வந்தது. நம் ஊரிலும் 1962இல், டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. பாடி, அம்பத்தூர் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது பிரேக் தொழில்.

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. இனி வருவதற்காகத்தான் இந்தப் பதிவு.

இங்கிலாந்தின் டெர்பிஷர் மாவட்டத்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897இல் பிரேக் கட்டைகளுக்கான பொருளை ஆராயத் தொடங்கினார். அவர் பெயரிலிருந்து பிறந்ததுதான் ஃபெரோடோ. சில ஆண்டுகளில் அவர் கையிலெடுத்த பொருள் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார். எரியாது, விலை குறைவு, துணி போல நெய்யலாம், சத்தமும் போடாது. உலகத்து பிரேக்கெல்லாம் கல்நாருக்கு மாறின.

அங்கிருந்து தூரமில்லை ராச்டேல் நகரம். அங்கே கல்நார் ஆலையில் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் நுரையீரல் நோயால் இறந்தார். வயது 33. உடலைப் பரிசோதித்த மருத்துவர் குக், நுரையீரலுக்குள் கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். ஆலை நிர்வாகம் பொறுப்பேற்க மறுத்தது. அந்த ஆலையின் குழுமத்தில் சில ஆண்டுகளுக்குள் ஃபெரோடோவும் சேர்ந்தது. 1931இல் பிரிட்டன் ஆலைத் தூசிக்கு விதிகள் கொண்டுவந்தது. முழுத் தடை வந்ததோ 1999இல்! நெல்லி இறந்து 75 ஆண்டுகள் கழித்து. அமெரிக்கா 1989இல் விதித்த தடையின் பெரும்பகுதியை 1991இல் நீதிமன்றம் நீக்கியது. பேடுகளில் இருக்கும் வெள்ளைக் கல்நாருக்கு அங்கே தடை வந்தது 2024இல்தான். நம் உச்ச நீதிமன்றம் 1995இல், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலம் அவர்களது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. ஆனால் முழுத் தடை இங்கே இன்னும் இல்லை.

கல்நாருக்கு மாற்றாக வந்த பேடுகளிலும் செம்பு சேர்ந்தது. அந்தத் தூசி மழைநீரோடு ஆற்றில் கலந்து சால்மன் மீன்களின் மோப்ப சக்தியைக் கெடுப்பதைக் கண்டுபிடித்தார்கள். வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010இல் செம்பைக் குறைக்கச் சட்டம் செய்தன. இப்போது ஐரோப்பாவின் யூரோ 7 விதி, புகைக்கு இருப்பது போல பிரேக் தூசிக்கும் வரம்பு வைக்கிறது. மின்சார வண்டிக்கும் இது பொருந்தும்.

வகுப்பில் நான் அடிக்கடி கேட்ட கேள்விதான்: ஒரு வசதி வந்தால், அதன் விலையை யார் கொடுத்தார்கள்? பேடு என்பது தேய்வதற்காகவே செய்த பொருள். தேய்ந்தது எங்கே போகிறது? பட்டறையில் குனிந்து வேலை செய்பவரின் மூக்குக்கு.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு உரிமையோடு சொல்கிறேன். பழைய பேடைக் கழற்றியதும் காற்றுக்குழாயால் தூசியை ஊதாதீர்கள். பிரேக் கிளீனர் அடித்தோ ஈரத்துணியாலோ துடையுங்கள். வேலை பழகும் பையனுக்கும் நல்ல முகமூடி கொடுங்கள். பெட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். வண்டி வைத்திருக்கும் உறவுகளே, விலை மலிவு என்று பெயர் தெரியாத பேடைக் கேட்காதீர்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாயை அந்தப் பையனின் நுரையீரல் கட்டுகிறது.

பிரேக் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்த நாட்களில் தூசிக்கு என்ன பாதுகாப்பு இருந்தது என்று கீழே எழுதுங்கள். அதுவும் வரலாறுதான்.