ஃபாத்திமா பின்த் கைஸின் அறிவிப்பு

கூஃபா நகரின் பெரிய பள்ளிவாசலில் ஒரு நாள் இமாம் ஷஅபீ (ரஹ்) ஹதீஸ் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். உடனிருந்த அஸ்வத் இப்னு யஸீத் (ரஹ்) ஒரு பிடி பொடிக்கற்களை அள்ளி அவர்மீது எறிந்து, இதையா அறிவிக்கிறீர் எனக் கடிந்துகொண்டார். இருவரும் தாபிஈன்களில் பெருமதிப்புக்குரியவர்கள். கல்லெறியும் அளவுக்கு அந்த அறிவிப்பில் என்ன இருந்தது?

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) என்னும் குறைஷிப் பெண்மணிக்கு அவர் கணவர் அபூ அம்ர் இப்னு ஹஃப்ஸ், வெளியூரிலிருந்தபடியே மீட்க முடியாத இறுதித் தலாக்கைச் சொல்லிவிட்டார். கணவரின் பொறுப்பாளர் கொஞ்சம் வாற்கோதுமை அனுப்பிவைக்க, அம்மையார் சினந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். ஜீவனாம்சம் அவருக்கு இல்லையென்று கூறிய நபியவர்கள், பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூமின் (ரலி) இல்லத்தில் இத்தா இருக்கச் செய்தார்கள். இதுவே அவர் அறிவித்த செய்தி.

கலீபா உமர் (ரலி) அவர்கள் இதனை ஏற்கவில்லை. தலாக் சொல்லப்பட்ட பெண்களை வீட்டிலிருந்து வெளியேற்றலாகாது என்பது 'அத்தலாக்' அத்தியாயத்தின் கட்டளை. நினைவில் வைத்தாரோ மறந்தாரோ என்றறியாத ஒரு பெண்ணின் சொல்லுக்காக அதனை விட இயலாது என்பது அவர்கள் தீர்ப்பு. அஸ்வத் எடுத்துக்காட்டியதும் இதனையே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, அப்பெண்மணியின் வீடு ஆளரவமற்ற இடத்தில் இருந்ததால் அச்சம் கருதித் தரப்பட்ட தனிச்சலுகை அது என்றார்கள். உமர் நினைவை ஐயுற்றார்கள். அன்னையோ செய்தியின் எல்லையைச் சுருக்கினார்கள்.

'ஒரு பெண்ணின் சொல்' என்பதைப் பிடித்துக்கொண்டு, பெண் என்பதாலேயே தள்ளினர் எனக் கொள்வது பொருந்தாது. கைம்பெண் கணவர் வீட்டிலேயே இத்தா இருக்கவேண்டுமென்று கலீபா உஸ்மான் (ரலி) தீர்ப்பளித்தது, ஃபுரைஆ பின்த் மாலிக் (ரலி) என்ற ஒரே பெண்மணியின் சொல்லைக் கொண்டன்றோ?

ஃபாத்திமா அம்மையாரும் வாளாவிருந்தாரல்லர். பின்னாளில் மர்வான் ஆளனுப்பி விசாரித்தபோது, தமக்கெதிராகக் காட்டப்பட்ட அதே வசனத்தையே சான்றாக்கினார். வீட்டில் இருத்தச் சொல்லும் அவ்வசனம், பின்னர் இறைவன் புதிய நிலையொன்றை உண்டாக்கக்கூடும் என்ற குறிப்போடு முடிகிறது. மீளச் சேரும் வழியே அடைபட்ட பின் என்ன புதுநிலை வரப்போகிறது எனக் கேட்டார். ஆகவே அது மீட்கத்தக்க தலாக்கையே குறிக்கும் என்பது அவர் வாதம். இவ்வழக்கில் மிகக் கூரிய வாதம் இதுவே என்பேன்.

இமாம்கள் மூவழி பிரிந்தனர். உமரின் தீர்ப்பைப் பற்றிய இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இருப்பிடமும் ஜீவனாம்சமும் உண்டென்றார். இமாம்கள் மாலிக், ஷாஃபிஈ (ரஹ்) இருவரும் இருப்பிடம் உண்டு, கருவுற்றிருந்தாலன்றி ஜீவனாம்சம் இல்லை என்றனர். அவ்வத்தியாயத்தின் 6-ஆம் வசனம் செலவுக்குக் கருவுற்றோரையே சுட்டுகிறது. இமாம் அஹ்மத் (ரஹ்) ஹதீஸை முழுமையாக ஏற்று, இரண்டும் இல்லையென்றார். 1350-இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) தமது 'ஸாதுல் மஆத்' நூலில் ஃபாத்திமாவின் பக்கம் நின்று விரிவாக வாதாடியுள்ளார்.

தமிழகத்தின் கடற்கரையூர்களில் பெரிதும் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டூர்களில் ஹனஃபி மத்ஹபும் வழங்குகின்றன. இறுதித் தலாக் பெற்றவளுக்கு இத்தாக் காலச் சோறு உண்டா என்று கேட்டால், காயல்பட்டினத்து ஆலிம் ஒரு விடையும் ஆம்பூர் ஆலிம் மற்றொரு விடையும் சொல்லக்கூடும். இருவர் கையிலும் இருப்பது அதே ஹதீஸ்தான்.