மறந்துபோன பிறவியின் கணக்கு

போன பிறவியில் பாம்பை அடித்தது யாருக்கு நினைவிருக்கும்? ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் காலங்காலமாகப் பலரும் ராமேஸ்வரம் வருகிறார்கள். பிள்ளையில்லாக் குறைக்கு முற்பிறவியின் சர்ப்பதோஷமே காரணம் என்று நம்பும் தம்பதிகள் இங்கே நாகர் சிலையைப் பிரதிஷ்டை செய்வது வழக்கம்.

அந்தக் காலத்தில் வழிநடைதான். சேதுவின் காவலர்கள் என்று பெயரெடுத்த ராமநாதபுரம் சேதுபதிகள் யாத்திரைப் பாதையில் சத்திரங்கள் கட்டினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை போனது. 1964 டிசம்பர் புயல் அந்த ஊரையே அழித்துவிட்டது.

முழுக்கு மட்டும் நிற்கவில்லை.

முதலில் அக்னி தீர்த்தமான கடல். பிறகு ஈரத்துணியோடு கோவிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணற்றுச் சுவர்மேல் ஏறி நிற்பவர் கயிற்று வாளியில் மொண்டு, வரிசையில் வருவோர் தலையில் ஊற்றுவார். கடைசியில் கோடி தீர்த்தம். கம்சனைக் கொன்ற பாவம் தீரக் கண்ணனே அதில் நீராடினான் என்கிறது தலபுராணம்.

காசி யாத்திரைக்காரர்களுக்கு வேலை இத்தோடு முடியாது. சேது மணலை எடுத்துப்போய்ப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரோடு திரும்பி ராமநாதருக்கு அபிஷேகம் செய்த பிறகே யாத்திரை நிறைவடையும்.